கோட்டை பேண்டிலிருந்து எட்டயபுரம் அச்சுக்கூடம் வரை

சனிக்கிழமை, ஜார்ஜ் கோட்டை, சென்னை

கர்நாடக இசையும் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த கதையைப் பெரும்பாலும் 1960களிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ரவி சங்கரும் யெஹூதி மெனுஹினும், அப்புறம் நம் இளையராஜா. தப்பில்லை. ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அந்தச் சந்திப்பு தமிழ் மண்ணில் நடந்துவிட்டது. நடந்தது கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தில். அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போது கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

வயலினும் கூடவே வருகிறது. கச்சேரியில் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறிய தந்தி வாத்தியக் குழுவில் தாடைக்கடியில் வைத்து வாசிக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகிய எனக்கு ஒரு கேள்வி விடாமல் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் தாளைப் பார்த்து, பல பேர் பல சுரங்களை ஒரே நேரத்தில் வாசிக்கும் இசை. இன்னொரு பக்கம் குருவின் வாயிலிருந்து காதால் வாங்கி, ஒரு சுரத்தையே பல விதமாக அசைக்கும் இசை. இரண்டும் எந்த இடத்தில் உண்மையாகச் சேர்கின்றன?

கோட்டை வாசலில் பையைச் சோதித்து, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். தலைமைச் செயலகம் இங்கேதான் இருக்கிறது என்பதால் அது இருக்கத்தான் செய்யும். நேராகப் புனித மேரி தேவாலயத்துக்குப் போனேன். 1680ல் திறந்தது. சூயஸுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலத் திருச்சபை ஆலயங்களில் இதுதான் மிகப் பழையது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையை வளைவாக, கனமாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆள் அதிகம் இல்லாத நேரம். மெல்ல ஒரு ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, முனகிப் பார்த்தேன். குரலை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் கூரையில் நின்றது. அதன் மேலேயே பஞ்சமத்தை (‘ப’) பிடித்தால் இரண்டும் சேர்ந்து கேட்கின்றன. அடுத்து ஒரு காந்தாரத்தை (‘க’) நன்றாக அசைத்துப் பாடினேன், எல்லாம் குழம்பிப்போய்விட்டது. இப்படிப்பட்ட கட்டடத்துக்குள் பாடிப் பாடி வளர்ந்த இசை, அசையாத சுரங்களை அடுக்கி அழகு பார்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

தீட்சிதர் குடும்பம் கேட்டது ஆலய இசையை அல்ல, கோட்டையின் பேண்டை. வைத்தீஸ்வரன் கோயிலில் இருந்த முத்துசுவாமியின் தந்தை ராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் தன் ஊருக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப் பின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி வட்டாரத்தில் செல்வாக்குள்ள குடும்பம் என்பதால் தீட்சிதர்களைக் கோட்டைக்கு அழைத்துவந்து பேண்டு இசையைக் கேட்க வைக்க அவரால் முடிந்தது. கேட்டவர்களில் இரண்டு பேர் முக்கியம்: மூத்த மகன் முத்துசுவாமி, கடைசி மகன் பாலுசுவாமி.

முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். சுமார் 40 இருக்கின்றன, எல்லாமே சங்கராபரண ராகத்தின் சுரங்களில். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. ‘சியாமளே மீனாட்சி’யைக் கேட்கும் எந்தக் குழந்தையும் அது ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று சொல்லிவிடும். அந்த மெட்டின் மூலம் ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டு.

நோட்டுஸ்வரங்களைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறு உருப்படிகள் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அது சம்மதமில்லை. தீட்சிதரின் பெரிய கீர்த்தனைகளைப் பாடியவர்களுக்குத் தெரியும், மெதுவான விளம்ப காலத்தில் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு கனத்தோடு நகர வேண்டும் என்று. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில் அவ்வளவு ஊறிய ஒருவர் இங்கே மட்டும் கமகத்தை முழுக்க எடுத்துவிட்டு நிற்கிறார். அந்த மெட்டுகள் நிற்பது வெறும் சுரத்தில், அசைத்தால் விழுந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்தவர் இசையை அதன் விதிப்படியே கேட்ட காது அது.

ஆனால் மெட்டு மட்டும்தான் கோட்டையைத் தாண்டி வெளியே வந்தது. மெட்டுக்குக் கீழே மற்ற வாத்தியங்கள் வாசித்த துணைச் சுரங்கள், அதாவது ஹார்மனி, கோட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு, மணலி

இன்றைய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் டேங்கர் லாரிகளும் நிறைந்த ஊர். பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்பதற்கு முதலியார் ஏற்பாடு செய்தது இங்கே இருந்தபோதுதான். அதைச் சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. உலகம் முழுக்கக் கர்நாடகக் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் ஒரு வயலின் இருக்கிறது, அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. ஒரு பலகை வைக்கலாம்.

இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தேன்.

திங்கள், தஞ்சாவூர்

காலையில் இறங்கி, குளித்து முடித்து, அரண்மனை வளாகத்துக்குப் போய்விட்டேன். சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகப் பகுதி யாரும் போய்ப் பார்க்கக்கூடியது. மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஒப்பிடும் சார்ல்ஸ் லெ ப்ரூனின் படங்கள் அங்கே மாட்டியிருக்கின்றன. கழுகு மூக்குள்ள ஒரு மனிதர், பக்கத்தில் கழுகு. பிரான்ஸில் 17ஆம் நூற்றாண்டில் வரைந்த இந்தப் படங்களைத் தேடி வாங்கி வைத்த ராஜா எப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்று அதன் முன் நின்று யோசித்தேன்.

இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை ஆண்டவர். மிஷனரி சுவார்ட்ஸின் மேற்பார்வையில் படித்தவர். ஆட்சி அதிகாரம் கும்பினியிடம் போய்விட்டது, கோட்டையும் சுற்றுப்புறமும்தான் அவருக்கு மிச்சம். அதனால் தன் முழுச் சக்தியையும் படிப்பிலும் கலையிலும் மருத்துவத்திலும் செலவழித்தார். ஐரோப்பிய வாத்தியங்களை வரவழைத்தார், அரண்மனையில் ஒரு பேண்டு வைத்தார், ஐந்து கோட்டில் எழுதிய மேற்கத்திய இசைத் தாள்களைச் சேர்த்தார். அந்த இசைத் தாள்கள் இன்றும் நூலகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அவருடைய அவையில் இருந்த வரகப்பையர் மேற்கத்திய முறையில் வயலினும் பியானோவும் கற்றவர் என்று பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் எழுதி வைத்திருக்கிறார்.

கோட்டையில் தீட்சிதர் சகோதரர்கள் கேட்டது காற்றில் வந்த இசை. தஞ்சாவூருக்கு வந்தது தாளில் எழுதிய இசை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மெட்டை ஒரு தடவை கேட்டால் மனசில் நிறுத்திவிடலாம். கிளாரினெட் எதை வாசித்தது, கொம்பு எதை வாசித்தது, கீழே பஸூன் எந்த இடத்தில் நுழைந்தது என்பதையெல்லாம் ஒரே மூச்சில் பார்க்க வேண்டுமானால் தாள் வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா என்கிற ஏற்பாடே தாளின் மேல்தான் நிற்கிறது. எண்பது பேர் எண்பது பாகங்களை மனப்பாடம் செய்து சேர்ந்து வாசிப்பது நடக்கிற காரியமா?

நம் பக்கத்தில் தாள் தேவைப்படவில்லை, ஏனென்றால் எல்லோரும் வாசிப்பது ஒரே பாட்டு. பாடகர் போகும் வழியில் வயலின் தொடர்கிறது, மிருதங்கம் அதன் நடையை அணைத்துப் போகிறது. அந்த இடத்திலேயே கற்பனை செய்ய இடம் கிடைப்பதும் அதனால்தான். எழுதி வைத்தால் அந்தச் சுதந்திரம் குறையும், எழுதாவிட்டால் கூட்டமாக வாசிக்க முடியாது. சேர்த்துப் பார்க்க நினைத்த எல்லோரும் முதலில் வந்து நின்ற இடம் இது.

செவ்வாய், மேல வீதி

மேல வீதியில்தான் தஞ்சை நால்வர் வாழ்ந்தார்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்று இன்றைக்குப் பரதநாட்டிய மேடையில் பார்க்கும் வரிசையை அமைத்தவர்கள். இளையவர் வடிவேலு வயலினைக் கையில் எடுத்து, பிறகு திருவனந்தபுரம் போனார். அங்கே சுவாதித் திருநாள் மகாராஜா 1834ல் அவருக்கு யானைத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

ஆக, பாலுசுவாமி ஒரு பக்கம், வடிவேலு இன்னொரு பக்கம். ஒரே தலைமுறையில் வயலின் நம்முடையதாகிவிட்டது. எப்படி ஆனது என்பதைச் சொல்லில் விளக்குவதைவிடக் கையில் பார்ப்பது நல்லது. அதற்காகவே இங்கே பல வருஷமாக வயலின் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

“வாங்க தம்பி, முதல்ல அந்த வாத்தியத்த நின்னுக்கிட்டு வாசிச்சுக் காட்டுங்க” என்றார். தாடையில் பிடித்து, மேற்கத்தியச் சுருதிப்படி நான்கு தந்திகளையும் வைத்து ‘சந்ததம் பாஹிமாம்’ வாசித்தேன். கேட்டுக்கொண்டே தலையசைத்தார். அப்புறம் தன் வயலினை எடுத்துச் சப்பணம் கொட்டி உட்கார்ந்தார். சுருள் முனை வலது கணுக்காலில், அடிப்பகுதி இடது தோளுக்குக் கீழே நெஞ்சில். தந்திகள் கீழ் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், பஞ்சமம்.

“இப்ப என் இடது கையப் பாருங்க. வாத்தியத்தத் தாங்குற வேலையே அதுக்கு இல்ல” என்றார்.

அதுதான் விஷயம். நின்று வாசிப்பவருக்கு வயலினைத் தாங்குவதில் இடது கைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் விரல்கள் ஒவ்வோர் இடத்திலும் நிலைத்து விழுகின்றன, கை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவுகிறது. உட்கார்ந்து பாதத்தில் ஊன்றியதும் கை முழுசாக விடுதலையாகிறது. ஒரே விரலால் தந்தியின் நீளம் முழுக்கச் சறுக்கிப் போகலாம்.

அவர் சங்கராபரணத்தில் கா மா பா என்று மூன்று சுரம் வாசித்தார். நான் சற்று முன் நோட்டுஸ்வரத்தில் வாசித்த அதே மூன்று சுரம்தான். அவருடைய விரல் மத்யமத்தில் ‘வைத்து’ நிற்கவில்லை. காந்தாரத்தின் பக்கம் இறங்கி, எட்டிப் பிடித்து, மறுபடி இறங்கி, பிறகுதான் பஞ்சமத்துக்குப் போனது. விரல் நுனியின் அசைவு ஓர் அங்குலம்கூட இருக்காது. அந்த ஓர் அங்குலத்துக்குள் ராகம் இருக்கிறது. மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் (சுர வரிசையும்) சங்கராபரணமும் ஒன்றுதானே என்று கேட்பவர்களை இவர் எதிரே உட்கார வைக்க வேண்டும்.

“வெள்ளக்காரன் வாத்தியத்த வாங்கினோம், அவன் உட்காருற மாதிரிய வாங்கல” என்று சொல்லிவிட்டுத் தோடிக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் ஆபிரகாம் பண்டிதரை நினைத்தபடி நடந்தேன். சித்த மருத்துவர். சாம்பவர்வடகரையில் பிறந்து தஞ்சாவூரில் நிலைத்தவர். மேற்கத்திய இசையையும் முறையாகக் கற்றவர். 1912ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, மாநாடுகளைத் தன் செலவிலேயே நடத்தி, 1917ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்ற கருத்தை எதிர்த்து, 24 என்று கணக்கோடு வாதாடிய நூல் அது. அவர் முடிவை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் இரண்டு இசையையும் ஒரே மேசையில் வைத்து, பயமில்லாமல், தாழ்வு மனப்பான்மை இல்லாமல் அளந்து பார்த்த மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு நம் இசை உலகம் இன்னும் கடன்பட்டிருக்கிறது.

புதன், திருவையாறு

காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. ஆராதனைக் கூட்டம் இல்லாத நாள் என்பதால் நிதானமாக உட்கார முடிந்தது.

சங்கராபரணத்தில் அவருடைய ‘வரலீல கானலோல’வை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மூன்று மூன்றாக எண்ணும் திச்ர நடையில் துள்ளிக்கொண்டு போகும் பாட்டு. பேண்டு இசையின் சாயல் இதில் இருக்கிறது என்று சொல்வார்கள், கேட்டாலே தெரியும். ஆனால் தீட்சிதர் செய்ததும் இதுவும் வேறு வேறு. தீட்சிதர் மெட்டையே எடுத்துக்கொண்டார். தியாகராஜர் எடுத்துக்கொண்டது நடையை மட்டும், மெட்டு அவருடையது. பின்னால் பட்டணம் சுப்பிரமணிய ஐயர் கதனகுதூகலத்தில் ‘ரகுவம்ச சுதா’ செய்தபோதும், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றிய இங்கிலீஷ் நோட்டை மதுரை மணி ஐயர் மேடைதோறும் பாடி ஜனங்களைக் கட்டிப்போட்டபோதும், போன வழி இந்த இரண்டாம் வழிதான்.

வியாழன், ரயிலில்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி, மதுரை வழியாகக் கோவில்பட்டி. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, காதில் ஹெட்போன். பயணம் முழுக்க ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

தாய் ராகங்களின் மேளகர்த்தா வரிசையையும் மேற்கத்திய ஸ்கேல்களையும் எடுத்துக்கொண்டால் ஒற்றுமை நிறையவே இருக்கிறது. சங்கராபரணம் மேஜர். நடபைரவி இயல்பான மைனர். கீரவாணி ஹார்மோனிக் மைனர். கல்யாணி லிடியன், கரகரப்ரியா டோரியன், ஹரிகாம்போதி மிக்ஸோலிடியன், தோடி ஃப்ரிஜியன். ஆதார ஷட்ஜத்தை வேறு சுரத்துக்கு நகர்த்தும் கிரக பேதமும் நமக்குப் புதிதல்ல. மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம். ஆனால் பின்னால் தம்பூரா பழைய ஷட்ஜத்திலேயே நிற்பதால் வித்வான் சற்று நேரம் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். மேற்கில் ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமாகப் புது வீட்டுக்குக் குடிபோய்விடும்.

சுரங்களின் பட்டியல் பொருந்துகிறது. பொருந்தாதது அந்தச் சுரங்கள் நடந்துகொள்ளும் விதம். ஒரு கார்ட் என்றால் மூன்று நான்கு சுரங்கள் அசையாமல் சேர்ந்து நிற்க வேண்டும். தோடியின் காந்தாரமோ ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கீழே பியானோவில் அந்தக் காந்தாரத்தைத் தட்டி வைத்தால் ராகம் அந்த நிமிஷமே போய்விடும். ஹார்மனி கோட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது என்று சனிக்கிழமை எழுதினேனே, அதற்கு யாருடைய பிடிவாதமும் காரணமில்லை. கமகம் வாசலில் நிற்கிறது.

இதை எதிர்கொண்டவர்கள் ஆளுக்கொரு வழி கண்டார்கள். ரவி சங்கர் 1971ல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன், ஆந்த்ரே ப்ரெவின் நடத்த, சிதார் கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார். கமாஜ், சிந்து பைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ் என்று நான்கு பகுதிகள். அவர் ஹார்மனியைப் பெரும்பாலும் தொடவில்லை, ஆர்க்கெஸ்ட்ராவின் வண்ணங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். சிதார் கேட்க, புல்லாங்குழலோ வயலின்களோ பதில் சொல்கின்றன. 1981ல் ஸுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் ‘ராகமாலா’. அதே மேத்தா, அதே ஆர்க்கெஸ்ட்ராவுடன் 1985ல் எல். சுப்பிரமணியத்தின் ‘ஃபேன்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்’. அதில் தனி வயலின் நம்முடையது, சுற்றி இருக்கும் உலகம் அவர்களுடையது.

இளையராஜா எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, எல்லா வாத்தியங்களுக்கும் பாகம் பாகமாகத் தாளில் எழுதும் பழக்கம் உள்ளவர். 1986ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதில் என்னைக் கட்டிப்போடுவது ஒரே விஷயம். கீழே செலோ, வயோலா எல்லாம் பாக் பாணியில் தனித்தனி வழியில் நடக்கின்றன. மேலே வி.எஸ். நரசிம்மனின் வயலின் முழுக் கமகத்தோடு பாடுகிறது. யாரும் யாருக்காகவும் தன்னைக் குறைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் கமகம் போட வேண்டியதில்லை, எல்லாரும் கமகத்தை விட்டுவிடவும் வேண்டியதில்லை, வேலையைப் பிரித்துக்கொண்டால் போதும் என்று அந்தத் தொகுப்பு காட்டிவிட்டது. நரசிம்மன் பின்னால் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் இதே வழியில் கீர்த்தனைகளையே நான்கு தந்தி வாத்தியங்களுக்கு அமைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தபோது தமிழர்கள் ஊர் ஊராகக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். அதோடு, 1986லேயே அவர் தீர்த்து வைத்த இந்தச் சிக்கலையும் கொண்டாட வேண்டும் என்பது என் ஆசை.

கோவில்பட்டி வந்துவிட்டது. மிச்சம் நாளைக்கு.

வெள்ளி, எட்டயபுரம்

கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு பக்கமும் கரிசல் காடு. பாரதி பிறந்த ஊர் என்பதால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலரும் அந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் முதலில் போனது அட்டக்குளத்துக் கரைக்கு. முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி அங்கே இருக்கிறது. தம்பி பாலுசுவாமி இந்த ஊர் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்ததால் தீட்சிதர் இங்கே வந்து சேர்ந்தார். 1835ல், தீபாவளி நாளில் காலமானார். இன்றும் தீபாவளி தோறும் இங்கே பாடுகிறார்கள்.

ஆனால் இந்த ஊருக்கு நான் வந்ததற்கு முக்கியக் காரணம் பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர். மகள் வயிற்றுப் பேரனையே பாலுசுவாமி தத்து எடுத்துக்கொண்டார். 1904ல் இந்தச் சிறிய ஊரின் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில், சமஸ்தானத்தின் ஆதரவில், அவருடைய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சானது. தெலுங்கு எழுத்தில் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூல். இன்று தீட்சிதர் கீர்த்தனைகளைப் பாடுகிறவர்கள் பாடம் சரிதானா என்று சந்தேகம் வந்தால் போய் நிற்கும் இடம் அதுதான்.

இந்த நூலுக்குப் பின்னால் இன்னொரு மனிதர் இருக்கிறார், ஏ.எம். சின்னசாமி முதலியார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் உத்தியோகம், லத்தீன் படித்த கத்தோலிக்கர். கேட்கக் கேட்க மறைந்துகொண்டிருந்த கர்நாடக உருப்படிகளை உலகம் முழுக்கப் படிக்கும்படி மேற்கத்திய ஐந்து கோட்டில் எழுதிவிட வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தார். தியாகராஜரின் வாலாஜாபேட்டை சிஷ்ய பரம்பரையினரை உட்கார வைத்துத் தியாகராஜர் கீர்த்தனைகளை எழுதினார். 1890களின் தொடக்கத்தில் அவற்றைத் தன் கைப்பணத்தில் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரைத் தேடிப் பிடித்தவர், அவரிடம் இருப்பதெல்லாம் அச்சில் வர வேண்டும் என்று எட்டயபுரம் ராஜாவிடம் எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

ஐந்து கோட்டில் எழுதப் போனவர் மோதியது அதே சுவரில்தான். சுரத்தைக் கோட்டில் வைத்துவிடலாம், அதன் அசைவை எங்கே வைப்பது? பிரதர்சினியில் அதற்குப் பதில் இருக்கிறது. சுர எழுத்தின் மேல், சுரத்தை ஆட்டும் கம்பிதத்துக்கு ஒரு நெளிகோடு. மேலே சறுக்கிப் போகும் ஏற்ற ஜாருவுக்கு மேல் நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ் நோக்கியது. நொக்கு, ரவை, வளி, ஒரிகை என்ற மற்றக் கமக வகைகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. பெரும்பாலும் வீணை வாசிப்பவரின் விரல் என்ன செய்கிறது என்பதை வைத்து உண்டான பெயர்கள். செல்போனில் அந்தப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபடி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தோடி வரியில் காந்தாரம் வரும்போதெல்லாம் அந்த நெளிகோடு. பக்கத்திலேயே குறியில்லாத சுரங்களும் இருக்கின்றன. எது அசையும், எது நிற்கும் என்று தாளைப் பார்த்தே ஒருவர் தெரிந்துகொள்ளலாம்.

மேற்கத்திய இசையைப் பார்த்து எழுதும் ஆசை வந்தது. எழுதும் முறையை நம் விரலே கொடுத்தது. வயலின் உட்கார்ந்ததைப் போலவே இதுவும். 1904ல் தயாரான இந்தக் கருவியை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதும் நம் இளம் இசையமைப்பாளர்கள் எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்? கமகத்தை ‘ட்ரில்’ என்றோ ‘கிளிஸாண்டோ’ (சறுக்கல்) என்றோ எழுதிவிட்டு, வாசிப்பவருக்கு வரவில்லை என்று வருத்தப்படுகிறோம். கம்பிதம் ட்ரில் அல்ல. ட்ரில் இரண்டு சுரங்களை மாற்றி மாற்றித் தட்டுகிறது. கம்பிதம் நடுவில் உள்ள இடம் முழுவதையும் தொட்டுப் போகிறது.

ஞாயிறு, சென்னை

நேற்று ஊர் திரும்பி, இரவோடு இரவாக உட்கார்ந்து எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு காலையில் எங்கள் குழுவின் ஒத்திகைக்குப் போனேன். நான்கு வயலின், இரண்டு வயோலா, ஒரு செலோ. தோடியில் ஒரு பல்லவி வரி மட்டும். இந்தத் தடவை முதல் வயலின் தாளில் சுரங்களின் மேல் பிரதர்சினியின் நெளிகோடும் சாய்கோடும் போட்டிருந்தேன்.

முதல் வயலின் வாசிப்பவர் கர்நாடகமும் கற்றவர், அவருக்குச் சிரமமில்லை. இரண்டாம் வயலின்களுக்குக் கமகம் இல்லை, நீண்ட சுரங்கள் மட்டும். வயோலா வாசிக்கும் பெண் தாளைப் பார்த்துவிட்டு, “அண்ணா, மைனர் கார்ட்னு சொன்னீங்க, யாருக்குமே காந்தாரம் எழுதலையே?” என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். செலோவுக்கு ஷட்ஜம், வயோலாவுக்குப் பஞ்சமம். கார்டை முழுதாக்க வேண்டிய காந்தாரம் மேலே மெட்டில் மட்டும் வருகிறது, ஆடிக்கொண்டே. கீழே யாரும் அதைத் தொடாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு அசையலாம். மெட்டு பஞ்சமத்தில் நீண்டு நிற்கும் இடங்களில் மட்டும் வயோலாவும் இரண்டாம் வயலின்களும் நகர்கின்றன, தைவதம், நிஷாதம் என்று ஒன்றை ஒன்று தாண்டி. மெட்டு மறுபடி கிளம்பும்போது அவர்கள் அமைதியாகிவிட வேண்டும்.

முதல் சுற்று சரியாக வரவில்லை. பாட்டு ஆரம்பிக்கும் இடமான எடுப்பு, தாளத்தின் முதல் அடியான சமத்திலிருந்து அரை இடம் தள்ளி. தாளில் அளவு பிரிக்கும் ‘பார்’ கோடுகளையே பார்த்து எண்ணும் செலோக்காரர் ஒவ்வொரு தடவையும் முன்னால் விழுந்தார். தாளை மூடி வைக்கச் சொல்லி, எல்லோரும் ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு நான்கு சுற்று பாடினோம். அப்புறம் வாத்தியத்தை எடுத்தபோது எடுப்பு தானாக உட்கார்ந்துவிட்டது, யாரும் முன்னால் நின்று கை காட்டத் தேவைப்படவில்லை.

மூன்றாவது சுற்றில் காந்தாரம் ஆடியது, கீழே ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நின்றன. தோடி தோடியாகவே இருந்தது. வயோலா நகரும் இடத்தில் மட்டும் தைவதம் கொஞ்சம் உரக்கக் கேட்கிறது, அங்கே இரண்டாம் வயலினுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அனுபல்லவிக்கு மேல் ஸ்தாயியில் மெட்டு ஏறும்போது செலோ ஷட்ஜத்தை விட்டு மத்யமத்துக்குப் போகலாமா கூடாதா என்பதில் எனக்கும் முதல் வயலினுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. போனால் ராகத்தின் ஆதாரமே மாறிக் கேட்கும் என்கிறார் அவர். இரண்டு விதமாகவும் எழுதி அடுத்த ஞாயிறு வாசித்துப் பார்க்கப் போகிறோம்.